காளியம்மாவுக்கு ஒரு கையெழுத்து

1978. ஈப்போ அருகே ஒரு ரப்பர் தோட்டம். பால்மரம் சீவும் பழனியப்பனின் வீட்டில் உயிரியல் ஆசிரியர் ஸ்கந்தராஜா கத்திக்கொண்டிருந்தார். மாணவி புனிதவதியும் கூட வந்திருந்தாள்.

"உம்மட மகள் காளியம்மா யூனிவர்சிட்டிக்குப் போக ஆறாம் படிவம் படிக்கட்டும். அவள் டாக்டராக வேண்டிய பிள்ளை!"

"பொம்பளப் புள்ளைக்கு இவ்ளோ படிச்சது போதும்லா சார்."

"சொல்ல வெக்கமாயில்லையோ உமக்கு?"

பழனியப்பன் தலைகுனிந்து விண்ணப்பத்தில் கையெழுத்திட்டார். காளியம்மா அழுதேவிட்டாள்.

திரும்பும் வழியில், ஸ்கந்தராஜா ஓட்டிய காரில் புனிதவதி தன் விண்ணப்பத்தை அவரிடம் நீட்டினாள்.

"இதில எப்ப கையெழுத்துப் போடுவியள், அப்பா?"

"தையில உனக்குக் கலியாணம். பேசாமல் வா."

"காரை நிப்பாட்டுங்கோ!"

நிறுத்தினார். இறங்கினாள்.

"வகுப்பில எனக்கு உயிரியல்ல ஆசை வரவச்சது நீங்கள், சார். அப்பாவோட நான் வரேல்ல."

கதவை அறைந்து சாத்திவிட்டு, காளியம்மாவின் வீட்டை நோக்கி நடந்தாள்.