இன்னொரு பீம் எங்கே?

"நகருங்க, நகருங்க."

கை நீளப் பாலத்தைக் கைக்குழந்தை மாதிரி ஏந்திக்கொண்டு அவள் பொம்மைக் கடைக்குள் புகுந்தாள். அறிமுக விழாவுக்குக் கட்டியிருந்த பலூன் ஒன்று தோளில் இடித்து வெடித்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

மைக்கோடு நின்றிருந்த இளைஞன் பேச்சை நிறுத்தினான். அவன்தான் பொம்மைக் கம்பெனியின் டிசைனர். அவனுக்குப் பின்னால் சுவர் டிவியில் நிஜப் பாலத்தின் திறப்பு விழா நேரலையாக ஓடிக்கொண்டிருந்தது. அதே பாலத்தின் பொம்மை செட்டைத்தான் இன்று கடையில் இறக்கியிருந்தார்கள்.

அவள் தன் பாலத்தை மேசைமேல் வைத்தாள். அவளுக்குப் பின்னால், பொம்மைக் கட்டைகளைக் கோத்துக் கட்டுகிறவர்களின் பிளாக்ஸ் கிளப் மொத்தமும் வந்து நின்றது. எல்லாம் நரைத்த தலை, வழுக்கைத் தலை. கிளப்பில் அவளுக்குப் பேர் பீஸ் அக்கா. பெட்டியைக் குலுக்கியே உள்ளே பீஸ் குறைகிறதா என்று சொல்லிவிடுவாள்.

இந்த செட்டுக்கு முதல் ஆளாக முன்பணம் கட்டியதும் அவள்தான்; அதனால் பெட்டி நேற்றே அவள் கைக்கு வந்துவிட்டது.

"இதை டிசைன் பண்ணது நீங்கதானே?"

"ஆமா மேடம். நல்லா கட்டியிருக்கீங்களே."

"நேத்து பூரா உக்காந்து கட்டினேன். பெட்டியில பாதி காத்து. அச்சடிச்சுத் தர வேண்டிய பேர்ப்பலகைக்கு ஸ்டிக்கர், அதுவும் கோணல். விலை போன செட்டைவிட ஒண்ணரை மடங்கு. அதையெல்லாம்கூடப் பொறுத்துக்கறேன்."

"நாங்க பொறுத்துக்கல," என்றார் கிளப் தலைவரான பல் டாக்டர். "நான் சொத்தைப் பல்லைப் பிடுங்கினா மரத்துப்போக ஊசியாவது போடறேன். இவங்க ஊசியே இல்லாம பிடுங்கறாங்க."

கூட்டம் சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. கைப்பையிலிருந்து ஒரு பொம்மை பஸ்ஸை எடுத்துப் பாலத்தின் நடுவில் வைத்தாள்.

பாலம் லேசாகத் தொய்ந்தது.

டொக்.

நடுப்பகுதி கழன்றது. பஸ் மேசையில் விழுந்து கவிழ்ந்தது.

"தூணுக்குத் தூண் கீழ ரெண்டு குறுக்கு பீம் வரணும். நீங்க ஒண்ணுதான் குடுத்திருக்கீங்க. இன்னொண்ணு எங்க?"

"மேடம், நிஜப் பாலத்துல எத்தனை இருக்கோ அத்தனைதான்..."

"அதுல ரெண்டு."

"நீங்க நேர்ல பார்த்திருக்கீங்களா?"

"இல்ல."

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கிளப்காரர்கள் தங்கள் செருப்புகளைப் பார்த்துக்கொண்டார்கள். பல் டாக்டர் அவள் காதருகே குனிந்தார். "பீஸ் அக்கா, ஸ்டிக்கரோட நிறுத்திக்கலாம். மானம் போகுது."

அவள் காதில் வாங்கவில்லை. முகம் சிவந்திருந்தது.

"தம்பி, டிசைன்னு பேர் போட்டுக்கறவனுக்கு ஒரு பொறுப்பு வேணும். மேல ஒரு பஸ் ஏறும்னு நினைச்சு ஒவ்வொண்ணையும் வைக்கணும். கண்ணுக்குத் தெரியாத இடம்தானே, யார் குனிஞ்சு பார்க்கப் போறான்னு ஒரு பீமை உருவிட்டு முழு விலையையும் வாங்கறதுக்குப் பேர் டிசைன் இல்ல. திருட்டு."

இப்போது சிவந்தது அவன் முகம்.

"திருட்டுங்கற வார்த்தை வேணாம் மேடம். பாலம் கட்டி முடிச்சு, திறப்பு விழாவுக்காகச் சும்மா கிடந்தப்ப, அனுமதி வாங்கி, படகுல அடியில போய் நானே எடுத்த போட்டோ இது. ஒவ்வொரு தூணா எடுத்திருக்கேன். நல்லாப் பாருங்க."

மைக்கை வைத்துவிட்டு டேப்லெட்டை நீட்டினான்.

அவள் பார்த்தாள். அடுத்த படத்துக்குத் தள்ளினாள். அதற்கடுத்ததுக்கும்.

இரண்டு தூண்கள், நடுவில் ஒரு பீம். அடுத்த இரண்டு தூண்கள், நடுவில் ஒரு பீம்.

விரல்களால் படத்தைப் பெரிதாக்கினாள். இன்னொரு பீம் இருக்க வேண்டிய இடத்தில் பூசி மெழுகிப் பெயின்ட் அடித்த வெறும் தூண். ஆற்றுத் தண்ணீரின் வெளிச்சம் அதன்மேல் நெளிந்துகொண்டிருந்தது.

"போதுமா மேடம்? பீஸ்ல நான் கஞ்சத்தனம் பண்ணல. இருந்ததைத்தான் போட்டேன்."

"தெரியுது," என்றாள். குரல் இறங்கியிருந்தது. "நீங்க பண்ணல."

"அப்ப ஒரு மன்னிப்பு..." என்று ஆரம்பித்தார் கடை மேலாளர்.

அவள் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரிப்பன். தட்டில் கத்தரிக்கோல். அதற்குப் பின்னால் மாலை போட்ட பஸ்கள் வரிசையாக நின்றன. ஜன்னல் ஜன்னலாகத் தலைகள், கையசைக்கும் குழந்தைகள்.

கைப்பையைக் கவிழ்த்துக் கொட்டி மொபைலை எடுத்தாள். விரல் இரண்டு தடவை தவறியது.

டிவியில், ரிப்பனுக்குப் பக்கத்தில் மஞ்சள் ஹெல்மெட் போட்டு நின்ற கட்டுமான இன்ஜினியர் சட்டைப்பையைத் தடவினார். எரிச்சலோடு, யாரென்றுகூடப் பார்க்காமல், மொபைலைக் காதில் வைத்தார்.

"யாருங்க? பேண்டு சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"சார், பஸ்ஸை ஏத்தாதீங்க. ரிப்பன் வெட்டட்டும், போட்டோ எடுக்கட்டும், என்ன வேணாப் பண்ணட்டும். பஸ் மட்டும் ஏறக் கூடாது."

"யாரும்மா பேசறது?"

பல் டாக்டர் கவிழ்ந்து கிடந்த பொம்மை பஸ்ஸை எடுத்து நிமிர்த்தி வைத்தார்.

"அந்தப் பாலத்தோட டிசைனர்," என்றாள். "நான் ரெண்டு வரைஞ்சு அனுப்பியிருந்தேன்."