அரியலூர் மேலே ஒரு சுற்று

"ஏந் தம்பி, கௌம்புன எடத்துலயே எறங்குறதுக்கு எதுக்கு ஒரு ஏரோப்ளேன்?"

பஞ்சவர்ணம் கேட்டதும் எதிரே உட்கார்ந்திருந்த கொளஞ்சி சிரித்துவிட்டான். அவன் கொண்டுவந்த தடித்த நோட்டில், ஆறு மாதமாக அவன் விமானம் ஓட்டிய விவரமெல்லாம் நாள் வாரியாக இருந்தது. அதைப் பார்த்து மூன்று தாளுக்குக் கார்பன் வைத்து ரிப்போர்ட் அடித்துக்கொண்டிருந்தார் ராசாங்கம். அரியலூர் ரயிலடித் தெருவில் இருந்த அந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட் அவருடையது; வீடும் அதன் பின்கட்டிலேயே. ஆனால் அங்கே மிஷினில் ஏறிய எந்தத் தாளும் அவர் மனைவி பஞ்சவர்ணத்தின் காதைத் தாண்டி வெளியே போனதில்லை.

"மருந்தடிக்கிற ப்ளேனுங்க. மீன்சுருட்டிப் பொட்டல்ல ஏறி, பருத்திக்கு மருந்தடிச்சிட்டு அங்கேயே எறங்கிடுவேன்."

"எங்க தெருவுக்கு மேல தினம் பத்து மணிக்கு ஒண்ணு சுத்துதே, அது நீங்கதானா?"

ராசாங்கம் நோட்டில் விரல் வைத்துப் படித்தார். "குறிப்புங்கிற கட்டத்துல இருக்கு. 'அரியலூர் மேலே ஒரு சுற்று.' நேத்தும் இருக்கு, முந்தாநேத்தும் இருக்கு. எல்லா நாளும் இருக்கு."

"காத்து எப்படியிருக்குன்னு பாக்கிறதுக்குங்க" என்றான் கொளஞ்சி, மேஜையைப் பார்த்து.

பஞ்சவர்ணத்துக்கு இது போதாதா? மீன்சுருட்டியில் இல்லாத காற்றா இங்கே அடிக்கிறது? எதிர்வீட்டுக் குஞ்சம்மாளின் மகள் பத்து மணியானால் துணி காயப்போட மொட்டை மாடிக்கு ஓடுவதை அவள் எப்போதோ மோப்பம் பிடித்திருந்தாள். மூட்டுவலி அவளை மாடி ஏற விடாது. அதனால் விமானச் சத்தம் கேட்டதும் தன் மகள் தையல்நாயகியைத்தான் மேலே விரட்டுவாள். "ஓடு, அவ என்ன பண்றான்னு பாத்துட்டு வா!" தையல்நாயகியும் முகம் சுளிக்காமல் ஓடுவாள். மூச்சு வாங்க இறங்கி வந்து, "கையாட்டுறாம்மா" என்பாள். காய்ச்சலில் படுத்த நாள்கூட அந்தப் பிள்ளை மாடி ஏறத் தவறியதில்லை.

"ரிப்போர்ட் மூணு எதுக்கு?"

"கம்பெனிக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. இன்னொண்ணு..." கொளஞ்சி கொஞ்சம் தயங்கினான். "நான் கட்டிக்க நெனைக்கிற பொண்ணோட அம்மாவுக்குங்க. எதையும் தாள்ல பாத்தாத்தான் அவங்க நம்புவாங்களாம். கூடவே தமிழ்ல ஒரு கடுதாசி அடிக்கணும். இப்ப கேக்கலேன்னா, தை பொறந்ததும் வேற எடத்துல முடிச்சிடுவாங்க."

பஞ்சவர்ணம் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டாள்.

"யாருன்னு எனக்குத் தெரியும் தம்பி, பேரு வேணாம். அந்தம்மா என்ன சொல்லுவான்னு பயப்படுறீங்க?"

"ப்ளேன்னா ஆபத்தும்பாங்க. அதைவிட..." அவன் நிமிர்ந்து உட்கார்ந்தான். "எனக்கு அரும்பாவூருங்க. அப்பாவும் அம்மாவும் கூலிக்குக் களை வெட்டினவங்க. நாங்க வேற ஆளுங்க."

வேறு சமயமாக இருந்தால் முன்னால் வந்த நாற்காலி பின்னால் போயிருக்கும். ஆனால் இது குஞ்சம்மாள் வீட்டு விவகாரம். வந்த வரனையெல்லாம் தட்டிக் கழித்துவிட்டு, "எங்க குடும்பத்துக்கு ஏத்த எடமா அமையணுமே" என்று கழுத்தை நொடிப்பவள். அந்தக் கழுத்துக்கு வேணும்! நினைக்கும்போதே பஞ்சவர்ணத்துக்கு வாய் இனித்தது.

"ஆளாவது, பேராவது! மேல பறக்கிற பிள்ளைக்குக் கீழ கோடு கிழிக்க அவ யாரு? மொத்தம் எத்தினி மணி நேரம் ஓட்டியிருக்கீங்க?"

"ஆயிரத்தி நூத்திப் பன்னெண்டு மணிங்க. உடம்புல ஒரு கீறல் கெடையாது."

"என்னங்க, தமிழ் மிஷின்ல ஒரு தாளை ஏத்தி, அதை மொத வரியில போடுங்க" என்று கணவருக்கு உத்தரவு பறந்தது. "அப்புறம் நான் சொல்றதை அப்படியே அடிங்க. 'சாதியைப் பாத்து இந்த எடத்தைத் தட்டினா, பெத்த பொண்ணு வாழ்க்கையில நீங்களே மண்ணை அள்ளிப் போட்டதா ஊரு பேசும். ஊரு பேசலேன்னாலும் நான் பேசுவேன்.' அடிச்சீங்களா?"

"அடிச்சாச்சு" என்றார் ராசாங்கம். அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. ஊரார் மனுவையெல்லாம் இருபது வருஷமாக அடித்து அடித்து அந்த முகமே வெள்ளைத்தாளாகிவிட்டது.

"சாட்சிக்குப் பெரியவங்க யாராவது கையெழுத்துப் போட்டா நல்லதுன்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு..."

"குடுங்க இப்படி!" பஞ்சவர்ணம் தாளை உருவி, அடியில் தன் பெயரைக் கொட்டை எழுத்தில் போட்டாள். அதற்குக் கீழே அழுத்தி ஒரு கோடும் இழுத்தாள். "இதுக்கு மேலயும் அவ முடியாதுன்னா நேரா எங்கிட்ட வாங்க. நாலு பேரு முன்னாடி நான் கேக்கிறேன்."

"கண்டிப்பா உங்ககிட்டத்தான் வருவேங்க" என்றான் கொளஞ்சி.

ராசாங்கம் அந்தத் தாளை மறுபடி மிஷினில் ஏற்றி, தலைப்பில் விட்டிருந்த வெற்றிடத்துக்கு உருட்டினார். "பெறுநர் விலாசம் சொல்லலியே தம்பி?"

கொளஞ்சி எழுந்து நின்றான்.

"திருமதி பஞ்சவர்ணம் ராசாங்கம், டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட், ரயிலடித் தெரு, அரியலூர்."

ராசாங்கத்தின் மிஷின் ஒரு எழுத்துகூட நிற்காமல் அடித்துக்கொண்டே போக, மாடிப்படியில் நின்றிருந்த தையல்நாயகி, எதிர்வீட்டுப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்காமல், கொளஞ்சியைப் பார்த்துக் கையாட்டினாள்.