ஒரே ஜாடியில்

வீட்டிலேயே பீர் காய்ச்சிக் குடிக்கும் மனிதர் ஒருவர் இருந்தார். ருசி கூடட்டும் என்று ஒருநாள் ஒயின் ஈஸ்டையும் பீர் ஈஸ்டையும் ஒரே ஜாடியில், இனிப்பான பார்லித் தண்ணீரில் கொட்டினார்.

ஒயின் ஈஸ்டின் பெயர் திராட்சையன். பாக்கெட்டுக்குள் காய்ந்து கிடந்தவனுக்குப் பேச ஆள் கிடைத்ததில் தலைகால் புரியவில்லை. பக்கத்தில் மிதந்த பீர் ஈஸ்ட் நுரையழகியிடம் ஒட்டிக்கொண்டான்.

"சாப்பிட்டியா தங்கச்சி? இந்தப் பக்கம் இனிப்பு ஜாஸ்தி, வா."

"வர்றேண்ணே. என்னமோ மூச்சு முட்டுது."

திராட்சையன் பதறிப்போய் அவளைத் தாங்கிக்கொண்டான். அவள் இன்னும் துவண்டாள். சுற்றிலும் அவளுடைய கூட்டம் ஒவ்வொன்றாக ஜாடியின் அடியில் போய்ப் படிந்தது.

"தப்பா நினைக்காதீங்கண்ணே," என்றாள் நுரையழகி. "உங்க வேர்வை எங்களுக்கு விஷம். நீங்க நெருங்க நெருங்கத்தான் இப்படி ஆகுது."

அவன் விலகி ஓடினான். சின்ன ஜாடி, எங்கே ஓடினாலும் அதே தண்ணீர்தான். திரும்பிப் பார்த்தபோது அவளும் அடியில் கிடந்தாள்.

இனிப்பு நிறைய மிச்சம் இருந்தது. அவனுக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

பிறகு ஒருநாள் மூடி திறந்தது. "நுரை அடங்கிப்போச்சே," என்று சலித்துக்கொண்ட மனிதர் இன்னொரு பாக்கெட் பீர் ஈஸ்டைத் தூவினார். புதியவர்கள் கலகலவென்று இறங்கினார்கள்.

"கிட்ட வராதீங்க! தள்ளிப் போங்க!" என்று திராட்சையன் கதறினான்.

"பாவம், ரொம்ப நாளா தனியா இருந்திருக்காரு போல," என்று சொல்லிக்கொண்டே எல்லாரும் அவனைச் சுற்றி நெருக்கி உட்கார்ந்தார்கள்.