தப்புக்கு மணி

கோவில்பட்டியில் ரேடியோக் கடை வைத்திருந்த தங்கசாமி, தான் செய்த பொம்மைப் பெட்டியைத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பழனிச்செல்வத்திடம் காட்டினார். முதலாளி பணம் போட்டால்தான் தயாரிப்பு.

“பிள்ளை சரியான படத்தை அமுக்குனா பல்பு எரியும், அண்ணாச்சி. தப்பா அமுக்குனா மணி அடிக்கும்.”

முதலாளி தன் இரண்டு வயதுப் பேத்தியை உட்கார வைத்தார்.

“பசு எங்கட்டி?”

ஆட்டை அமுக்கினாள். மணி அடித்தது.

“சேவல்?”

குதிரையை அமுக்கினாள். எட்டுப் படத்துக்கும் மணிதான்.

“ஒண்ணுகூட வெளங்கலையே! பெட்டியத் தூக்கிட்டுக் கெளம்பும்வே.”

“வெளங்காத பிள்ளைன்னா ஒண்ணு ரெண்டாவது தன்னால சரியா விழுந்திருக்கும், அண்ணாச்சி. இவளுக்கு மணிச் சத்தம் பிடிச்சிருக்கு.”

தங்கசாமி பெட்டியைத் திறந்து இரண்டு வயர்களை மாற்றிப் போட்டார்.

“இனி சரின்னாத்தான் மணி. கேளுங்க.”

எட்டும் சரி. அதற்குப் பிறகும் பேத்தி விரலை எடுக்கவில்லை, மணியும் நிற்கவில்லை.

“ஆயிரம் பெட்டி செய்யும்,” என்றார் முதலாளி. “எங்க வீட்டுக்கு மட்டும் வேண்டாம்.”