பேனாவை நீட்டு

கம்பெனி தணிகாசலத்தின் காதுக்குள் ஒரு சின்னக் கருவியைப் பொருத்திய பிறகு, அவருக்கு மறுப்பு எதுவும் கேட்பதில்லை. முன்பெல்லாம் வாசலில் யாராவது "வேணாங்க" என்றாலே, வாட்டர் ஃபில்டரைத் தூக்கிக்கொண்டு கூனிக்குறுகித் திரும்பிவிடுவார். இப்போது விற்பனையில் சேலத்திலேயே அவர்தான் முதலிடம். பயிற்சியில் சொல்லிக்கொடுத்தது ஒன்றுதான்: எதிரில் இருப்பவர் மௌனமானால் தயங்காதே, கையெழுத்துக்குப் பேனாவை நீட்டு.

மகள் மகிழினியைப் பெண் பார்க்க வந்தவர்கள், அன்றைக்கே தட்டு மாற்றிக்கொள்ளத் தயாராக இருந்தார்கள்.

"உனக்குச் சம்மதந்தானேம்மா? எதுவா இருந்தாலும் தைரியமாச் சொல்லு," என்றார் தணிகாசலம்.

"எனக்கு இந்தக் கல்யாணம் வேணாம்ப்பா."

கூடம் முழுவதும் கேட்கும்படி, நிமிர்ந்து நின்றுதான் சொன்னாள். தணிகாசலத்துக்கு மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்டது. மகளின் கண் கலங்கியிருப்பதைப் பார்த்தார்.

"புள்ள வெக்கப்படுது," என்று சிரித்தார். "மௌனம் சம்மதம்னு சொல்லுவாங்கல்ல?"

மனைவி ஓடிவந்து அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் உதறிவிட்டு, வெற்றிலைபாக்குத் தட்டை எடுத்து நீட்டினார்.

மாப்பிள்ளையின் அப்பா ஒருமுறை மகிழினியைப் பார்த்தார். அவர் காதில் கருவி எதுவும் இல்லை. இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டார்.