பின்னால் உட்கார்ந்தவள்

கோமதி பெட்டியைக் கட்டி வாசலருகே வைத்துவிட்டாள். கணவன் விஜயன் இன்னும் வேலையிலிருந்து திரும்பவில்லை. அவள் போன் செய்து அழுததில், கிள்ளானிலிருந்து அப்பாவும் அம்மாவும் அடித்துப் பிடித்துக்கொண்டு பிரிக்ஃபீல்ட்ஸ் வீட்டுக்கு வந்திருந்தார்கள்.

மேசைமேல் நீதிமன்றக் கடிதம் கிடந்தது. நான்கு முறை படித்து, முக்கியமான வரிகளுக்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டிருந்தாள் கோமதி.

“முன்கூட்டியே மாப்பிள்ளை பேர்ல பதிஞ்சு வாங்கின மோட்டார் சைக்கிளு,” என்று ஆரம்பித்தாள் அம்மா வீரம்மா. “மண்டப வாசல்ல மாலை போட்டு நிறுத்தி, ஊரே பார்க்கக் கொடுத்தோம். அதுலயா இந்த வேலை? படிடி, உங்கப்பாவும் கேக்கட்டும்.”

“போன வருஷம் மே மாசம் ஒன்பதாம் தேதி, சாயங்காலம் ஏழு மணி, அம்பாங். போலீஸ் கைகாட்டியும் நிறுத்தாம போயிருக்காரு. பின்னால ஹெல்மெட் போடாத ஒரு பொம்பளை.” கோமதி கடிதத்தைக் கீழே வைத்தாள். “எங்க கல்யாணத்துக்குச் சரியா ஒரு மாசம் முன்னாடி. நான் பத்திரிகைக்குப் பேரு எழுதிக்கிட்டிருந்தேன்.”

அப்பா தம்புசாமி கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். “ஒரு வருஷம் சும்மா இருந்துட்டு, இப்ப எப்படி வீட்டைக் கண்டுபிடிச்சாங்க?”

“முதல்ல அனுப்பினதெல்லாம் அவரு தனியா இருந்தப்ப தங்கின ரூமுக்குப் போயிருக்கு. இப்ப கோர்ட்டு கேட்டா, யாரு எங்க வேலை செய்றா, எங்க குடியிருக்கான்னு சேமநிதி ஆபீஸ்ல கொடுத்துடுறாங்களாம். முந்நூறு வெள்ளி அபராதம். கட்டலேன்னா வாரண்டு.”

“இதையெல்லாமா ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்கிறாங்க?” தம்புசாமி எழுந்து ஜன்னலருகே போனார். “சரி விடு. முந்நூறுதானே, நானே கட்டிடுறேன். மாப்பிள்ளைகிட்ட யாரும் ஒண்ணும் கேக்க வேணாம்.”

“ஏன் கேக்கக் கூடாது? பொண்ணைக் கொடுத்திருக்கோம்,” என்று சீறினாள் வீரம்மா.

“வாலிபப் பையன்லா. கல்யாணத்துக்கு முன்னாடி நடந்தது. கிளறினா இவ வாழ்க்கைதான் கெடும்.”

அப்பா இப்படி விட்டுக்கொடுத்துப் பேசியது கோமதிக்கு வலித்தது. ஒருவேளை தான்தான் அவசரப்படுகிறோமோ என்றும் தோன்றியது. கடிதத்தை மறுபடியும் எடுத்தாள். ஏதோ ஒன்று இடித்தது. என்னவென்று பிடிபடவில்லை.

மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. விஜயன் ஹெல்மெட்டும் கையுமாக உள்ளே வந்தான்.

“வாங்க மாமா, வாங்க அத்தை. எப்ப வந்தீங்க?” பெட்டியைப் பார்த்ததும் அவன் சிரிப்பு நின்றது. “யாரு ஊருக்குப் போறா?”

“அதை அப்புறம் சொல்றேன்.” கோமதி கடிதத்தை நீட்டினாள். “பொய் மட்டும் சொல்லாதீங்க. அவ யாரு?”

விஜயன் நின்றபடியே படித்தான். தம்புசாமி வேகமாக வந்து கையை நீட்டினார். “அதை எங்கிட்ட கொடுங்க மாப்பிள்ளை. நாளைக்கே கட்டிட்டு, கிழிச்சுப் போட்டுடுறேன்.”

விஜயன் கொடுக்கவில்லை. கோடு போட்ட தேதியின்மேல் விரலை வைத்தான். வண்டியின் பதிவு எண்ணையும் ஒருமுறை பார்த்துக்கொண்டான். பிறகு குழப்பத்தோடு தலையை நிமிர்த்தினான்.

“கல்யாணத்தன்னைக்குத்தானே சாவியை என் கையில கொடுத்தீங்க, மாமா?”