முட்டி வலி

“அப்பாவுக்கு முட்டி வலி இன்னும் விடலையாம்மா?” ஓசூரிலிருந்து வந்து இறங்கியதும் கேட்டாள் யுவராணி.

“எங்க விட்டுச்சு? ஒரு வாரமா அவரு ஓட்டுற சித்தேரி மலை பஸ்ஸை வேற டிரைவர்தான் ஓட்டுறாரு,” என்றாள் எழிலரசி.

அப்பா மாதையன் முட்டியைத் தேய்த்துக்கொண்டார். யுவராணி டிவியில் ஒரு படத்தைப் போட்டாள்.

“இதென்ன, படம் ஆரம்பிக்கறப்ப ஸ்க்ரீன் முழுசா கறுப்பாகிட்டு வருது?” என்றாள்.

மாதையன் துள்ளி எழுந்தார். “உனக்கும் கறுப்பாத்தான் தெரியுதா?”

“எல்லாருக்கும்தான் தெரியும்ப்பா. இப்பத்தான் ஞாபகம் வருது, பிளேயர்ல ரெஃப்ரெஷ் ரேட் தானா மாறுற செட்டிங்கை போன தடவ நான்தான் ஆன் பண்ணிட்டுப் போனேன். படத்தோட வேகத்துக்குத் தக்கன டிவி மாறறப்ப இப்படித்தான் இருட்டும்.”

அந்த செட்டிங்கை அணைத்துவிட்டு மறுபடி படத்தைப் போட்டாள். இருட்டவில்லை.

“எழிலு, என் காக்கிச் சட்டைய எடு. நாளைக்கு டியூட்டிக்குப் போறேன்.”

“முட்டி வலி?”

“முட்டிக்கு என்ன? கண்ணுதான் போச்சுன்னு நெனச்சேன். மலை வளைவுல இருட்டிட்டா பஸ்ல இருக்கறவங்க கதி என்னாவறது? நீ பயந்துடுவியேன்னுதான் சொல்லல.”

எழிலரசி அப்படியே நாற்காலியில் உட்கார்ந்தாள்.

“அப்ப, எனக்கும் கண்ணு நல்லாத்தான் இருக்குதுங்களா?”